உங்களுக்குத் தெரியுமா? குரங்குக் கூட்டம் முதல் கியூஆர் கோடு வரை

பல்லுறுப்புக் கோவைச் சமன்பாட்டைத் தீர்க்கப் பள்ளியில் கற்றுத் தருகிறார்கள். அது எங்கிருந்து வந்தது, கிடைத்த மூலங்களில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்பதற்கெல்லாம் பாடத்தில் ஒரே வரிதான்: நீளம் குறை எண்ணாக இருக்க முடியாது. சுவாரசியமெல்லாம் அந்த ஒரு வரிக்குள்தான் ஒளிந்திருக்கிறது. கீழே வரும் துணுக்குகளில் தெரியாத எண்ணுக்கு ‘ய’ என்று பெயர். 12-ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் பாஸ்கரர் ‘யா’ என்று எழுதினார். அதை ஒட்டி நாமும்.

களிமண் வீட்டுப்பாடம்

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 13901 என்று எண்ணிட்ட பாபிலோனியக் களிமண் பலகை ஒன்று இருக்கிறது. வயது ஏறத்தாழ 3,700 ஆண்டு. அதன் முதல் கணக்கு: ஒரு சதுரத்தின் பரப்பையும் பக்கத்தையும் கூட்டினால் ¾ வருகிறது, பக்கம் எவ்வளவு? நம் குறியீட்டில் ய² + ய = ¾.

பலகை சொல்லும் வழி இது. 1-ஐப் பாதியாக்கு, ½. அதை அதனாலேயே பெருக்கு, ¼. அதை ¾-உடன் கூட்டு, 1. அதன் வர்க்கமூலம் 1. அதிலிருந்து அந்த ½-ஐக் கழி. விடை ½. வர்க்கப் பூர்த்தி முறை என்று இன்று நாம் படிப்பது இதைத்தான்.

ஆனால் எந்த நில அளவையர் பரப்பையும் நீளத்தையும் கூட்டுவார்? சென்ட்டையும் அடியையும் கூட்டினால் வருவதற்குப் பெயரே கிடையாது. ஆக இது வாழ்க்கைக் கணக்கு வேஷம் போட்ட பள்ளிக்கூடக் கணக்கு. பாடநூல்களுக்கு இந்த வேஷத்தில் 3,700 வருட அனுபவம் இருக்கிறது.

குரங்கு 16-ஆ, 48-ஆ?

பாஸ்கரரின் ‘பீஜகணிதம்’ 1150-ஐ ஒட்டி எழுதப்பட்டது. அதில் ஒரு குரங்குக் கூட்டம் வருகிறது. கூட்டத்தில் எட்டில் ஒரு பங்கின் வர்க்கம் காட்டில் குதித்து விளையாடுகிறது. மீதி 12 குரங்குகள் மலைமேல் கத்திக்கொண்டிருக்கின்றன. மொத்தம் எத்தனை?

(ய/8)² + 12 = ய. தீர்த்தால் ய = 16 அல்லது 48. சரிபார்க்கலாம்: 16-இல் எட்டில் ஒரு பங்கு 2, வர்க்கம் 4, கூட்டு 12, மொத்தம் 16. 48-இல் 6, வர்க்கம் 36, கூட்டு 12, மொத்தம் 48. இரண்டும் பொருந்துகின்றன. பாஸ்கரரும் இரண்டையும் ஏற்றுக்கொள்கிறார். கதையில் இருக்கும் தகவல் அவ்வளவுதான். இரண்டில் எது என்று கேட்டால் காட்டுக்குப் போய் எண்ணிப் பார்க்க வேண்டியதுதான்.

அடுத்த கணக்கில்தான் அவருடைய கூர்மை தெரிகிறது. கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றைக் கழித்து, அதன் வர்க்க அளவு குரங்குகள் குகைக்குள் போய்விட்டன. ஒன்று மட்டும் மரக்கிளையில் தெரிகிறது. (ய/5 − 3)² + 1 = ய. மூலங்கள் 50, 5. இரண்டும் மிகை எண்கள், இரண்டும் முழு எண்கள். ‘நீளம் குறை எண்ணாகாது’ என்ற நம் பள்ளிக்கூட விதி இங்கே உதவாது.

5-ஐப் போட்டுப் பாருங்கள். ஐந்தில் ஒரு பங்கு 1. அதிலிருந்து 3 போனால் −2. வர்க்கம் 4, கூட்டு 1, மொத்தம் 5. சமன்பாட்டுக்குப் பரம திருப்தி! ஆனால் ஒரு குரங்கிலிருந்து மூன்று குரங்கைக் கழிப்பது எப்படி? வர்க்கம் எடுத்ததும் அந்தக் குறைக்குறி அழிந்துபோய், தடயமே இல்லாமல் தப்பு விடை உள்ளே நுழைந்துவிடுகிறது. உலகத்தார் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள் என்று சொல்லி 5-ஐத் தள்ளி, 50-ஐ மட்டும் விடையாகத் தருகிறார் பாஸ்கரர். விடையைப் பார்த்தால் மட்டும் போதாது, விடை கதைக்குள் நடந்து வரும் வழி முழுவதையும் பார்க்க வேண்டும் என்பதை இவ்வளவு சின்னக் கணக்கில் வேறு யாரும் காட்டியதாக எனக்குத் தோன்றவில்லை.

இருபடி வேஷத்தில் ஒருபடி

அதே பாஸ்கரரின் ‘லீலாவதி’யில்: 9 முழத் தூணின் உச்சியில் மயில்; தூணின் அடியில் பாம்புப் புற்று. 27 முழத்துக்கு அப்பால் பாம்பு புற்றை நோக்கி ஊர்ந்து வருகிறது. மயில் சாய்வாகப் பாய்கிறது. இரண்டும் சம தூரம் கடந்து சந்தித்தால், சந்தித்த இடம் எது? ய² = 81 + (27 − ய)² என்று பித்தாகரஸ் தேற்றப்படி எழுதியவுடன் இரு பக்கமும் ய² அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது 54ய = 810. ஆளுக்கு 15 முழம். சந்திப்பு புற்றிலிருந்து 12 முழத்தில்.

எந்த வியாபாரியும் பார்க்காத லாபம்

1535-இல் இத்தாலியில் ஒரு கணிதப் பந்தயம். ஃபியோர் என்பவரும் தர்தாலியாவும் ஆளுக்கு 30 கேள்விகளை மற்றவருக்குக் கொடுத்தார்கள். ஃபியோர் கொடுத்தவற்றில் ஒன்று: ஒருவர் ஒரு நீலக்கல்லை 500 டுகாட்டுக்கு விற்றார், லாபம் அவர் போட்ட முதலின் கனமூலம். லாபம் எவ்வளவு? அதாவது ய³ + ய = 500; விடை ஏறக்குறைய 7.9.

முதலின் கனமூலத்தை லாபமாக வைக்கும் வியாபாரி எந்த ஊரிலும் கிடையாது. ஃபியோரிடம் இருந்தது இந்த வகை முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் ஒரே ஒரு ரகசியச் சூத்திரம். முப்பது கேள்வியையும் அந்த ஓர் அச்சிலேயே வார்த்திருந்தார். போட்டிக்குச் சில நாள் முன்பு தர்தாலியா அதே சூத்திரத்தைத் தானே கண்டுபிடித்துவிட, முப்பதும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துபோயின.

சூத்திரம் 1545-இல் கார்தானோவின் புத்தகத்தில் அச்சேறியது. அதை ய³ = 15ய + 4 என்ற சமன்பாட்டில் போட்டால் நடுவழியில் −121-இன் வர்க்கமூலம் வந்து நிற்கும். விடையோ சாதாரண 4. அந்தக் ‘கற்பனை’ எண்ணைக் கண்டு மிரளாமல், நடுவழியில் வந்தாலும் கடைசியில் அடிபட்டுப் போகும் என்று 1572-இல் காட்டினார் பொம்பெல்லி. இன்று மாறுமின்னோட்டக் கணக்குப் போடும் எந்த மின் பொறியாளருக்கும் கற்பனை எண் இல்லாமல் வேலை ஓடாது. போலி வியாபாரக் கதையிலிருந்து கிடைத்த நிஜ லாபம்.

தகரப் பெட்டியும் முப்பந்தல் காற்றாலையும்

30 செ.மீ. பக்கமுள்ள சதுரத் தகரம். நான்கு மூலையிலும் ‘ய’ பக்கமுள்ள சிறு சதுரங்களை வெட்டி, ஓரங்களை மடித்தால் மூடியில்லாப் பெட்டி. கொள்ளளவு ய(30 − 2ய)², அதாவது 4ய(15 − ய)². எல்லாப் பாடநூலிலும் இருக்கும் கணக்கு, சலிப்பூட்டும் கணக்கும்கூட.

கொள்ளளவு 1,936 கன செ.மீ. வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், சலிப்புப் போய்விடும். ய = 4 பொருந்தும்: 4 உயரம், 22-க்கு 22 அடிப்பாகம். மூலம் மூன்று உண்டே, மற்றவை? ஒன்று சுமார் 6.07, அதுவும் செய்யக்கூடிய பெட்டிதான், கொஞ்சம் உயரம், கொஞ்சம் குறுகல். மூன்றாவது சுமார் 19.93. மிகை எண்தான், ஆனால் 15 செ.மீ. வெட்டினாலே தகரம் தீர்ந்துவிடும். எந்தப் பெட்டிக் கடைக்காரரும் சிரிக்காமல் கேட்கமாட்டார்.

இப்போது கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வரும் முப்பந்தலில் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்கின்றன. காற்று சுமந்து வரும் திறன் அதன் வேகத்தின் கனத்தைப் பொறுத்தது. வேகம் இரட்டித்தால் திறன் எட்டு மடங்கு. அந்தத் திறனில் காற்றாடி எவ்வளவைப் பிடுங்க முடியும்? காற்றை அதிகம் தடுத்தால் அது விலகிப் போய்விடும். குறைவாகத் தடுத்தால் திறனோடு ஓடிவிடும். காற்றாடிக்கு வந்து சேரும்போது காற்று தன் வேகத்தில் ‘ய’ பங்கை இழந்திருக்கிறது என்று வைத்தால், கிடைக்கும் திறனின் பங்கு 4ய(1 − ய)². ஜெர்மனியின் ஆல்பர்ட் பெட்ஸ் 1920-இல் வெளியிட்ட முடிவு இது.

இரண்டு கோவைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 15-க்குப் பதில் 1. வேறு வித்தியாசமே இல்லை! தகரத்தில் உச்சக் கொள்ளளவு 15-இல் மூன்றில் ஒரு பங்கான 5 செ.மீ. வெட்டும்போது கிடைக்கிறது. காற்றாலையில் உச்சத் திறன் காற்றின் வேகம் மூன்றில் ஒரு பங்கு குறையும்போது. அந்த உச்சம் 16/27, அதாவது 59.3 சதவீதம். இறக்கையை எவ்வளவு நுட்பமாக வடிவமைத்தாலும் திறந்த வெளியில் நிற்கும் காற்றாடி இந்த வரம்பைத் தாண்டாது. 2 மீட்டர் பக்கமுள்ள தகரத்தை மடித்துப் பெட்டி செய்தால் அதன் உச்சக் கொள்ளளவும் 16/27 கன மீட்டர்தான்.

உச்சத்தைத் தேடும்போது வரும் இருபடிச் சமன்பாட்டுக்கு இன்னொரு மூலமும் உண்டு: ய = 1. தகரத்தில் அதற்குப் பொருள், முழுத் தகரத்தையும் வெட்டித் தள்ளிவிடுவது. காற்றில், காற்றை நிறுத்தியே விடுவது. ஆனால் ‘ய’ பாதியைத் தாண்டும்போதே பெட்ஸின் கணக்கு, காற்றாடிக்குப் பின்னால் காற்று எதிர்த்திசையில் வீசுகிறது என்று உளறத் தொடங்கிவிடும். பெட்டியின் சமன்பாடு கடைசிவரை செல்லும், காற்றாலையின் சமன்பாடு பாதிவரைதான் செல்லும். கோவை ஒன்றே, எல்லைகள் வேறு.

பிரேக் போட்டால் எங்கே நிற்கும்?

வண்டியின் வேகம் நொடிக்கு ‘ய’ மீட்டர். ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக 1 நொடி. அதற்குள் ‘ய’ மீட்டர் போய்விடும். பிறகு நொடிக்கு 5 மீட்டர் வீதம் வேகம் குறைந்தால் நிற்க இன்னும் ய²/10 மீட்டர். இரவில் முகப்பு விளக்கு 40 மீட்டர்தான் காட்டுகிறது என்றால் ய² + 10ய − 400 = 0. மூலம் 15.6, மணிக்கு 56 கி.மீ. அதற்குமேல் போகிறவர், நிற்க முடியாத இடத்தைத் தன் விளக்கில் பார்க்கிறார். மழையில் பிரேக்கின் பிடி பாதியானால்? ய² + 5ய − 200 = 0; வேகம் 43-க்குள் இருக்க வேண்டும். பிடி பாதியானதற்கு வேகமும் பாதியாகவில்லை, ஏனென்றால் பிரேக் பிடித்த பிறகு போகும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது; போதாததற்கு, அந்த ஒரு நொடித் தாமதம் மழையிலும் வெயிலிலும் ஒன்றேதான்.

12 சதவீதம் என்றார்கள், 21½ நிற்கிறது

ஒரு லட்சம் ரூபாய் கடன், 12 மாதம், ‘பிளாட் ரேட்’ 12 சதவீதம். வட்டி 12,000, மொத்தம் 1,12,000, மாதத் தவணை 9,333. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மாதாமாதம் அசலைத் திருப்பிக்கொண்டே வருகிறீர்கள். கடைசி மாதம் உங்கள் கையில் இருப்பது ஒன்பதாயிரத்துச் சொச்சம்தான். வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் போடப்பட்டிருக்கிறது.

உண்மை வட்டி என்ன? அடுத்த மாதம் கொடுக்கும் ஒரு ரூபாயின் இன்றைய மதிப்பு ‘ய’ என்று வையுங்கள். 9,333 (ய + ய² + ய³ + … + ய¹²) = 1,00,000. பன்னிரண்டாம் படிச் சமன்பாடு! இதற்குச் சூத்திரம் கிடையாது. எண்ணைப் போட்டுப் போட்டு நெருங்க வேண்டும். எக்செல்லின் ‘ரேட்’ கட்டளையும் அதைத்தான் செய்கிறது. விடை மாதத்துக்கு 1.79 சதவீதம், ஆண்டுக்குச் சுமார் 21½. குறையும் நிலுவைக்கு உண்மையிலேயே 12 சதவீதம் என்றால் தவணை 8,885-தான் வந்திருக்கும். தவணைப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிற ஒவ்வொருவரும் தெரியாமலே ஒரு பல்லுறுப்புக் கோவையில் கையெழுத்துப் போடுகிறார்.

மூலம் பன்னிரண்டு இருக்குமே, வட்டி ஏன் ஒன்றுதான்? 1637-இல் தேக்கார்த்து சொன்ன விதி: கெழுக்களின் குறி எத்தனை முறை மாறுகிறதோ, மிகை மூலங்கள் அதற்குமேல் இருக்க முடியாது. கடன் ஒருமுறை வருகிறது, பிறகு தவணை போய்க்கொண்டே இருக்கிறது; குறி மாறுவது ஒரே ஒரு முறை. ஆகவே வட்டியும் ஒன்று.

ஒரே முதலீடு, இரண்டு வருமானம்

குறி இருமுறை மாறினால்? 1955-இல் லோரி, சாவேஜ் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் ஓர் எண்ணெய்க் கிணற்றுப் பம்பைக் காட்டினார்கள். பெரிய பம்பு வைக்க 1,600 டாலர் கூடுதல் செலவு. அது எண்ணெயைச் சீக்கிரம் இறைத்துவிடுவதால் முதல் ஆண்டில் 10,000 கூடுதல் வரவு. இரண்டாம் ஆண்டில் வந்திருக்க வேண்டிய 10,000 வராது. வருமான வீதம் என்ன? ய² − ய + 0.16 = 0; மூலங்கள் 0.8, 0.2. அதாவது 25 சதவீதம், அல்லது 400 சதவீதம். இரண்டும் கணக்குப்படி சரி. ‘இந்தத் திட்டத்தின் வருமானம் இத்தனை சதவீதம்’ என்று ஒற்றை எண்ணைக் காட்டும் விளக்கக் கூட்டங்களில் இந்தப் பம்பை நினைத்துக்கொள்வது நல்லது.

பத்தாம் படி ஏறிய கோட்டைச் சுவர்

சீனக் கணித அறிஞர் சின் ஜியுஷாவ் 1247-இல் எழுதிய நூலில் வட்டமான கோட்டை நகரம் ஒன்று. வடக்கு வாசலிலிருந்து 3 லீ (லீ என்பது சீனத் தூர அளவு) வடக்கே ஒரு மரம். தெற்கு வாசல் வழியாக வெளியே வந்து கிழக்கே 9 லீ நடந்தால்தான் அந்த மரம் கண்ணில் படும். நகரின் விட்டம் என்ன?

வடிவொத்த முக்கோணங்களை வைத்தால் முப்படிச் சமன்பாடே போதும்: விட்டம் ‘ய’ என்றால் ய³ + 3ய² = 972. விடை 9 லீ. சின் என்ன செய்தார் தெரியுமா? விட்டத்தின் வர்க்கமூலத்தைத் தெரியாத எண்ணாக வைத்துப் பத்தாம் படிச் சமன்பாட்டை எழுதி, அதையும் தீர்த்துக் காட்டினார். வேண்டுமென்றே செய்தார் என்றுதான் நினைக்கிறேன். உயர்படிச் சமன்பாடுகளின் மூலத்தை இலக்கம் இலக்கமாகப் பிடிக்கும் முறை அவர் கையில் இருந்தது. ஐரோப்பாவில் ஹார்னர் பெயரில் அதே முறை 1819-இல்தான் வெளியானது. புது வண்டி வாங்கியவர் பக்கத்துத் தெருவுக்கும் அதில்தானே போவார்.

மூன்று மூலமும் ஒரு சிலிண்டரும்

வான் டெர் வால்ஸ் 1873-இல் லைடன் பல்கலைக்கழகத்தில் தந்த முனைவர் பட்ட ஆய்வேடு, வாயுவின் அழுத்தம், வெப்பநிலை, கன அளவை இணைத்தது. அழுத்தமும் வெப்பநிலையும் தெரிந்தால் கன அளவுக்கு முப்படிச் சமன்பாடு வரும். குளிர்ச்சி போதுமான அளவு இருந்தால், குறிப்பிட்ட அழுத்தங்களில் மூன்று மெய் மூலங்கள். மிகப் பெரிய மூலம் ஆவியின் கன அளவு. மிகச் சிறியது திரவத்தின் கன அளவு. சமையலறை எரிவாயு சிலிண்டருக்குள் கீழே திரவமாகவும் மேலே ஆவியாகவும் இருப்பது ஒரே பொருள், ஒரே அழுத்தம், ஒரே வெப்பநிலை. ஒரே சமன்பாட்டின் இரண்டு மூலங்கள் ஒரே இரும்புக் கூட்டுக்குள் குடியிருக்கின்றன.

நடு மூலம்? அந்த நிலையில் பொருளை அமுக்கினால் அழுத்தம் குறைய வேண்டும். அப்படி ஒரு பொருள் ஒரு கணமும் நிலைத்து நிற்காது. ஆகவே தள்ளுபடி. வான் டெர் வால்ஸுக்கு 1910-இல் நோபல் பரிசு கிடைத்தது. எண்ணெய், எரிவாயுத் தொழிலில் இன்றும் ஓடுவது அவர் சமன்பாட்டின் வாரிசுகள்தான். 1976-இல் வந்த பெங்–ராபின்சன் சமன்பாடும் முப்படிதான்.

ஆதித்யா எங்கே நிற்கிறது?

சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 விண்கலம் 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, 2024 ஜனவரி 6 அன்று தன் சுற்றுப்பாதையில் சேர்ந்தது. திட்ட இயக்குநர் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி. விண்கலம் சுற்றிவரும் புள்ளி பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தூரத்தில். ஏன் 15 லட்சம்?

அந்தப் புள்ளியில் சூரியனின் இழுப்பிலிருந்து பூமியின் இழுப்பைக் கழித்தால் மிஞ்சுவது, பூமியோடு சேர்ந்து ஆண்டுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றத் தேவையான அளவாக இருக்க வேண்டும். இரண்டு இழுப்பும் தூரத்தின் வர்க்கத்தால் வகுபடுகின்றன. பகுதிகளை ஒழித்து எழுதினால் ஐந்தாம் படிச் சமன்பாடு. ஒரே கோட்டில் அமையும் இப்படிப்பட்ட நிலைகளை 18-ஆம் நூற்றாண்டிலேயே கண்டவர் ஆய்லர்.

ஐந்தாம் படி என்றதும் ஒரு சுவர் குறுக்கே நிற்கிறது. இரண்டு, மூன்று, நான்காம் படிகளுக்கு மூலம் காணும் பொதுச் சூத்திரம் உண்டு. ஐந்துக்குக் கிடையாது, இருக்கவே முடியாது என்று 1824-இல் நிறுவினார் நார்வே இளைஞர் ஏபெல். அச்சுச் செலவு அவருடைய சொந்தக் காசு, அதனால் நிரூபணத்தை ஆறே பக்கத்துக்குள் அடைத்தார்.

சூத்திரம் இல்லாவிட்டால் என்ன? பூமியின் நிறை சூரியனோடு ஒப்பிட மிகச் சிறிது என்பதைப் பயன்படுத்தினால் ஐந்தாம் படி சுருங்கி ஒரு கனமூலமாகிவிடும். சூரியன் பூமியைப் போல 3,33,000 மடங்கு நிறையுள்ளது. அதை மூன்றால் பெருக்கினால் கிட்டத்தட்ட 10 லட்சம். கனமூலம் 100. பூமிக்கும் சூரியனுக்கும் இடையே 15 கோடி கி.மீ.; அதை 100-ஆல் வகுத்தால் 15 லட்சம் கி.மீ. இந்த எண்கள் இப்படி உருண்டையாக வந்து விழுந்தது முழுக்கத் தற்செயல். கால்குலேட்டர் வேண்டாத விண்வெளிக் கணக்கு அரிதாகத்தான் கிடைக்கும்.

போனுக்கு இரண்டு முகவரி

ஜிபிஎஸ் நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞையை வைத்து உங்கள் இடத்தையும், போன் கடிகாரத்தின் பிழையையும் சேர்த்துக் கண்டுபிடிக்கிறது. நான்கு சமன்பாடுகளையும் ஒழுங்காகக் கழித்துச் சுருக்கினால் கடைசியில் நிற்பது ஓர் இருபடிச் சமன்பாடு. இரண்டு விடை: ஒன்று உங்கள் தெருவில், மற்றது வழக்கமாக விண்வெளியில் எங்கோ. ஆட்டோக்காரருக்கு எதைக் காட்டுவது என்று போனுக்குச் சிரமம் இல்லை.

கிழிந்த ஸ்டிக்கர் எப்படி வேலை செய்கிறது?

டீக்கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடு ஓரம் கிழிந்து, டீக்கறை பட்டிருந்தாலும் பணம் போய்விடுகிறது. காரணம் ஒரு பல்லுறுப்புக் கோவை. 1960-இல் ரீட், சாலமன் என்ற இருவர் தந்த முறையில், அனுப்பும் செய்தியின் எண்களே ஒரு கோவையின் கெழுக்களாகின்றன. சில குறிப்பிட்ட எண்கள் அதன் மூலங்களாக அமையும்படி கூடுதல் உறுப்புகளைச் சேர்த்து அச்சடிக்கிறார்கள். படிக்கும் போன் அந்த எண்களைப் போட்டுப் பார்க்கிறது. பூஜ்ஜியம் வந்தால் கோடு பழுதில்லை. வராவிட்டால், மிஞ்சியதை வைத்து இன்னொரு கோவையை உருவாக்குகிறது. அதன் மூலங்கள் கறை எந்தெந்த இடத்தில் என்று சொல்லிவிடும்!

இங்கே கணக்கு நடப்பது வெறும் 256 எண்கள் கொண்ட சின்ன உலகத்தில். ஆகவே மூலம் காண நுட்பம் ஏதும் வேண்டாம். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிடலாம். தேர்வில் அப்படிச் செய்தால் மதிப்பெண் வெட்டுவார்கள். 1994-இல் ஜப்பானின் டென்சோ வேவ் உருவாக்கிய கியூஆர் கோட்டின் உச்சப் பாதுகாப்பு நிலையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை சேதத்தைச் சரிக்கட்ட முடியும்.

ரோபோவின் பதினாறு தோரணை

ஆறு மூட்டுகள் உள்ள தொழிற்சாலை ரோபோவிடம் ‘கை நுனியை இந்த இடத்தில், இந்தக் கோணத்தில் வை’ என்றால் மூட்டுகளை எப்படி மடக்குவது? பொதுவான அமைப்பில் இது பதினாறாம் படிச் சமன்பாடாகச் சுருங்கும். அதிகபட்சம் 16 தோரணைகள். எது மேசையில் இடிக்காது என்பதைச் சமன்பாடு சொல்லாது.

ஏழாம் தசமத்தில் ஒரு விபத்து

இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருந்த ஜேம்ஸ் வில்கின்சன் கணினியைச் சோதிக்க ஒரு கோவையை எழுதினார்: (ய − 1)(ய − 2) என்று தொடங்கி (ய − 20) வரை. மூலங்கள் 1, 2, 3 என்று 20 வரை, கண்ணெதிரே இருக்கின்றன. இதைப் பெருக்கி விரித்தால் ய¹⁹-இன் கெழு −210. அந்த 210-ஐ 210.00000012 என்று மாற்றினார், அவ்வளவுதான். சிறிய மூலங்கள் அசையவில்லை. ஆனால் 20 போய் 20.85 ஆனது, பத்து மூலங்கள் மெய்யெண்ணே இல்லாமல் கலப்பெண்களாகிவிட்டன.

சமன்பாடு எழுதுகிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் செய்தி இது. கெழுக்கள் வருவது அளவீட்டிலிருந்து. எந்தத் தராசு ஏழாம் தசமம்வரை சரியாக நிறுக்கும்? இதற்குப் பிறகு, உயர்படிக் கோவையாக விரித்துத் தீர்க்கும் பழக்கத்தையே கணினிக்காரர்கள் கூடியவரை தவிர்க்கிறார்கள். மூலம் கேட்டால் பல மென்பொருள்கள் கோவையை ஓர் அணியாக மாற்றி, அந்த அணியின் வழியே தீர்க்கின்றன.

நாராயண பண்டிதரின் பசு

1356-இல் நாராயண பண்டிதர் ‘கணித கௌமுதி’யில் கேட்டது: ஒரு பசு ஆண்டுக்கு ஒரு கன்று ஈனுகிறது. ஒவ்வொரு கன்றும் மூன்று வயதானதும் அதே மாதிரி ஈனத் தொடங்குகிறது. 20 ஆண்டில் மொத்தம் எத்தனை? முதல் பசுவின் கன்றுகள் 20, பேரக்கன்றுகள் 153, அடுத்த தலைமுறை 560, பிறகு 1,001, 792, 210, 8. தாய்ப்பசுவையும் சேர்த்தால் 2,745.

ஒவ்வோர் ஆண்டும் மந்தை எத்தனை மடங்காகிறது என்று கேட்டால், விடை ய³ = ய² + 1 என்ற முப்படிச் சமன்பாட்டின் மெய் மூலம்: 1.4656. ஆண்டுக்கு சுமார் 46½ சதவீத வளர்ச்சி. கன்றுகள் எல்லாமே கிடேரி, எதுவும் சாவதில்லை, விற்பதில்லை, தீவனத்துக்குப் பஞ்சமில்லை என்பவை பண்டிதர் சொல்லாமல் விட்ட நிபந்தனைகள். ஈற்று விகிதத்தையும் இறப்பையும் ஒவ்வொரு வயதுக்கும் தனித்தனியாகச் சேர்த்தால் படி கூடும், முறை மாறாது. வனவிலங்குகளின் எண்ணிக்கை ஏறுமா இறங்குமா என்று கணிக்கிறவர்கள் இப்போதும் பார்ப்பது, அப்படி வரும் சமன்பாட்டின் மிகப் பெரிய மூலம் 1-க்கு மேலா கீழா என்பதைத்தான்.